இன்சென்டிவ் விகிதத்தை விடுங்கள், பட்டியலைப் பாருங்கள்

கேள்வியை முதலில் சுருக்கிவிடுகிறேன். நீங்கள் ஒரு நாளிதழின் விளம்பரப் பிரிவில் 9 வருடமாக இருக்கிறீர்கள். பக்கங்கள் குறைந்துகொண்டே வருகின்றன, 3 வருடமாகச் சம்பள உயர்வு இல்லை. இந்த நேரத்தில் நிர்வாகம் ஒரு இன்சென்டிவ் திட்டம் அறிவித்திருக்கிறது. புதிய விளம்பரதாரரைக் கொண்டுவந்தால் 12 சதவீதம். பழையவர்களுக்கு 2 சதவீதம், அதுவும் டார்கெட்டில் 90 சதவீதத்தைத் தொட்டால்தான். டார்கெட் என்பது போன வருட பில்லிங்குடன் 10 சதவீதம் கூட்டியது. காலாண்டில் முதலிடம் பிடிப்பவருக்குத் தனிப் பரிசு. நிருபர்கள் விளம்பரம் வாங்கி வந்தால் அவர்களுக்கும் பங்கு. டிசைன், ஷெட்யூலிங், அக்கவுண்ட்ஸ் ஆட்களுக்கு ஒன்றும் கிடையாது. ஆறு மாதம் விளம்பரம் தராதவர் திரும்பி வந்தால் அவர் ‘புதியவர்’ கணக்கில் சேர்வார். உங்கள் பழைய விளம்பரதாரர் ஒருவர் ஐந்து மாதமாகச் சும்மா இருக்கிறார். இன்னும் ஒரு மாதம் கழித்துப் போய்ப் பார் என்கிறார் பக்கத்து சீட்டு நண்பர். இது நியாயமா, நான் என்ன செய்ய வேண்டும் என்பது கேள்வி.

இந்த வேலையில் நான் 22 வருடம் இருந்தேன். 14 வருடம் டார்கெட் வாங்கியவன், 8 வருடம் டார்கெட் கொடுத்தவன். உங்களுக்கு வந்திருப்பதைப் போல ஒரு திட்டத்தை என் கையாலேயே எழுதியும் இருக்கிறேன். ஆகவே கீழே நான் திட்டுகிற பல விஷயங்களில் பாதித் திட்டு எனக்குத்தான்.

12 சதவீதம், 2 சதவீதம் என்ற எண்களில் சிக்கிக்கொள்ளாதீர்கள். எல்லாரும் அங்கேதான் சண்டை போடுவார்கள். நிர்வாகமும் கடைசியில் 2-ஐ 3 ஆக்கிவிட்டு நல்ல பெயர் வாங்கிக்கொள்ளும். அநியாயம் இருப்பது வேறு இடத்தில்: யார் கையில் எந்த விளம்பரதாரர் பட்டியல் இருக்கிறது, டார்கெட் எந்த அடிப்படையில் போடப்பட்டது, எந்தத் தேதியில் எது ‘விற்பனை’ ஆகிறது.

பட்டியலை முதலில் எடுத்துக்கொள்ளலாம். நன்றாக ஓடுகிற பத்திரிகையில் எல்லாப் பட்டியலும் கொஞ்சம் கொஞ்சம் வளரும். அங்கே யாருக்கு எது கிடைத்தாலும் பெரிய வித்தியாசம் தெரியாது. இறங்குமுகத்தில் இருக்கும் பத்திரிகையில் ஒவ்வொரு வகை விளம்பரமும் ஒவ்வொரு வேகத்தில் சாகும். அமெரிக்க நாளிதழ்களின் கணக்கு நன்றாகப் பதிவாகியிருப்பதால் அதைச் சொல்கிறேன். அங்கே வரி விளம்பர (கிளாஸிஃபைட்) வருமானம் 2000-இல் ஏறக்குறைய 2,000 கோடி டாலர். வேலை, வீடு, கார் எல்லாம் இணையத்துக்குப் போனதில், 2009-க்குள் அது மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே வந்துவிட்டது. மொத்த விளம்பர வருமானம் 2005 வாக்கில் 4,900 கோடி டாலரைத் தொட்டது, 2020-இல் 1,000 கோடிகூட இல்லை. அந்த வருடம்தான் அங்கே முதல்முறையாக வாசகர் கொடுக்கும் பணம் விளம்பரப் பணத்தைத் தாண்டியது. இந்தச் சரிவு எல்லா மேசையிலும் ஒரே நாளில் நடக்கவில்லை. வரி விளம்பர மேசையில் இருந்தவர்தான் முதலில் மூழ்கினார். முழுப்பக்க டிஸ்ப்ளே மேசையில் இருந்தவருக்குப் பல வருடம் கழித்துத்தான் கால் நனைந்தது.

என் அனுபவமும் இதுதான். வேலைவாய்ப்பு வரி விளம்பரம் என் மேசை. பக்கத்து மேசைக்காரர் கையில் கல்வி, மருத்துவம். இருவரும் ஒரே வருடம் சேர்ந்தவர்கள். நான் காலை எட்டரைக்கே போனில் உட்கார்ந்துவிடுவேன், அவர் பத்தரைக்கு வருவார். மூன்று வருடம் வரிசையாக அவருக்குக் கேடயம், எனக்கு ‘செயல்பாட்டில் முன்னேற்றம் தேவை’ என்று கடிதம். எனக்கே என் மேல் சந்தேகம் வந்துவிட்டது, நமக்கு விற்கத் தெரியவில்லை போல என்று. நான்காவது வருடம் மேசைகளை மாற்றினார்கள். எட்டு மாதத்தில் கடிதம் அவருக்குப் போனது, கேடயம் எனக்கு வந்தது. நான் ஒரு புது வித்தையும் கற்றுக்கொள்ளவில்லை. அவரும் எதையும் மறக்கவில்லை. வாங்கிய கேடயத்தை வீட்டுக்கு எடுத்துப் போகக் கூச்சமாக இருந்தது, மேசைக்கு அடியிலேயே கிடந்தது.

இன்சென்டிவ் என்ற பெயரில் பெரும்பாலும் காற்றுக்குத்தான் பணம் கொடுக்கிறார்கள். காற்று அடிக்கிற திசையில் உட்கார்ந்திருப்பவன் தன்னைக் கெட்டிக்காரன் என்று நினைத்துக்கொள்கிறான். எதிர்த் திசையில் இருப்பவனை நிர்வாகம் சோம்பேறி என்று எழுதி வைக்கிறது. மேசை யாருக்கு எப்படி ஒதுக்கப்பட்டது என்பது மட்டும் எந்தத் தாளிலும் இருக்காது. முன்னாள் மேனேஜருக்கு யாரைப் பிடித்திருந்தது, யார் அந்த வாரம் லீவில் இருந்தார், இப்படித்தான் முடிவாகியிருக்கும்.

அடுத்தது டார்கெட். உங்கள் எண்ணிலேயே போட்டுப் பார்க்கலாம். போன வருடம் நீங்கள் 100 பில் செய்தீர்கள் என்று வையுங்கள். இந்த வருட டார்கெட் 110. அதில் 90 சதவீதம் என்றால் 99. உங்கள் வகை விளம்பரம் சந்தையிலேயே 15 சதவீதம் இறங்கியிருந்தால், யாருமே உழைக்காமல் சும்மா இருந்தாலும் வருவது 85. நீங்கள் அலைந்து, பேசி, கோபமாக இருந்தவர்களைச் சமாதானம் செய்து 92-இல் நிறுத்திவிட்டீர்கள். போகவேண்டிய 15-இல் 7-ஐக் காப்பாற்றியது நீங்கள்தான். அதற்கு உங்களுக்குக் கிடைப்பது பூஜ்யம், ஏனென்றால் 99-ஐத் தொடவில்லை. பக்கத்தில் ஒருவர் 10-க்கு ஒரு புது விளம்பரதாரரைக் கொண்டுவருகிறார், அவருக்கு 1.2 கிடைக்கிறது. பத்திரிகைக்கு இருவர் செய்ததும் ஏறக்குறைய ஒரே அளவு நன்மை. ஒருவருக்குக் கைதட்டல், இன்னொருவருக்கு மெமோ.

போனதைத் தடுத்தவனை எந்தக் கணக்கும் பார்க்காது. வந்தது மட்டும்தான் கண்ணில் படும். தேய்ந்துவரும் தொழிலில் தடுப்பதுதான் முக்கால்வாசி வேலை. அந்த வேலைக்கு விலை வைக்கத் தெரியாத திட்டம் அந்த வேலையைச் செய்யாதே என்றுதான் சொல்லிக்கொடுக்கிறது.

99-இல் இருக்கும் அந்தப் படியையும் கவனியுங்கள். 98.9 என்றால் ஒன்றுமில்லை, 99 என்றால் கிட்டத்தட்ட 2. இப்படி ஒரு செங்குத்தான விளிம்பை வைத்தால் காலாண்டின் கடைசி வாரத்தில் என்ன நடக்கும் என்று உங்களுக்குத் தெரியும். அடுத்த மாத விளம்பரத்தை இழுத்து இந்த மாதம் போடுவார்கள். ரேட் கார்டில் இல்லாத தள்ளுபடி கொடுப்பார்கள். போட்ட பிறகு அடுத்த மாதம் சத்தமில்லாமல், பில் தொகையைக் குறைக்கும் கிரெடிட் நோட் போகும். மென்பொருள் விற்பனையாளர்களைப் பற்றி 2014-இல் வெளியான ஒரு பொருளாதார ஆய்வு, கமிஷன் படிகளுக்காக டீலை முன்பின் நகர்த்தித் தள்ளுபடி கொடுத்ததால் அந்த நிறுவனம் வருமானத்தில் 6 முதல் 8 சதவீதம் இழந்தது என்று கணக்கிட்டது. அது லாபத்தில் கொழித்த தொழில். நமக்கு 6 சதவீதம் போனால் ஒரு இணைப்பிதழையே மூடவேண்டியிருக்கும்.

நான் மேனேஜராக இருந்தபோது நடந்ததைச் சொல்கிறேன், பத்திரிகையின் பெயர் வேண்டாம். மாதக் கடைசி நாள். என் டீம் அடுத்த படிக்கு ஒரு முழுப்பக்கம் குறைவு. 4-ஆம் தேதிக்கு புக் ஆகியிருந்த விளம்பரம் ஒன்று கையில் இருந்தது. விளம்பரதாரரிடம் பேசி, இன்றே போட்டால் முதல் பக்கத்தின் ‘காதில்’, அதாவது மேல் மூலையில், ஒரு சின்ன இடம் இலவசம் என்று ஆசை காட்டி இழுத்துவிட்டேன். மெட்டீரியல் வந்தபோது மாலை 7.40. டிசைன் மேசையில் இருந்தவர் அன்று காலையிலிருந்து உட்கார்ந்திருந்தார். நான்கு திருத்தம் வந்தது, நான்காவது திருத்தத்தில் முகவரியை மாற்றினார்கள். ப்ரூஃபைப் போனில் படித்துக் காட்டி ‘சரி, போடுங்க’ வாங்கினோம். காலையில் பேப்பர் வந்தது. போன் நம்பரில் 6-க்குப் பதில் 9. யாரோ ஒரு வீட்டுக்கு நாள் முழுக்கப் போன் போயிருக்கிறது.

விளம்பரதாரர் பணம் தர மறுத்தார். இலவசமாக மறுபடி ஒரு முழுப்பக்கம் போட்டுக் கொடுத்தோம். ரெப்புக்கு, அதாவது விளம்பரம் பிடிக்கும் விற்பனைப் பிரதிநிதிக்கு, கொடுத்த இன்சென்டிவ் திரும்பப் பிடிக்கப்பட்டது. டிசைனருக்கு மெமோ. தேதியை இழுத்த எனக்கு எதுவும் ஆகவில்லை, அந்த மாத ரிப்போர்ட்டில் என் டீம் படியைத் தாண்டியிருந்தது. அந்த டிசைனர் என்னிடம் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. அடுத்த வாரத்திலிருந்து அவர் மேசையில் ஒரு தாள் ஒட்டியிருந்தது: ‘மாலை 5 மணிக்கு மேல் மெட்டீரியல் ஏற்கப்படாது.’ விதிப்படி அவர் செய்தது நூற்றுக்கு நூறு சரி. அதுவரை 9 மணிவரை வாங்கிக்கொண்டிருந்தது அவருடைய நல்ல மனசு மட்டும்தான். அந்த மனசுக்கு எங்கள் திட்டத்தில் ஒரு கட்டம்கூட ஒதுக்கவில்லை.

விட்டுப்போன ஆட்களைப் பற்றி நீங்கள் கேட்டதற்கு இதுவே பாதி பதில். ஜே. ஸ்டேசி ஆடம்ஸ் என்ற உளவியலாளர் 1963-இல் சொன்னது எளிமையானது: மனிதன் தனக்கு எவ்வளவு கிடைக்கிறது என்பதை மட்டும் பார்ப்பதில்லை. தான் போடுவதற்கும் பெறுவதற்கும் உள்ள விகிதத்தைப் பக்கத்திலிருப்பவரின் விகிதத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கிறான். குறைவாகத் தெரிந்தால், கேட்டு வாங்க முடியாத இடத்தில், போடுவதைக் குறைத்துக்கொள்கிறான். டிசைன், ஷெட்யூலிங் ஆட்கள் கேட்டு வாங்க முடியாத இடத்தில் இருப்பவர்கள். அவர்கள் 5 மணிக்குத் தாள் ஒட்டுவார்கள்.

தனிநபர் இன்சென்டிவ் எங்குமே வேலை செய்யாது என்று சொல்லவரவில்லை. சேஃப்லைட் கிளாஸ் என்ற அமெரிக்கக் கார் கண்ணாடி நிறுவனம் 1994, 95 வாக்கில் மணிக்கூலியிலிருந்து எண்ணிக்கைக் கூலிக்கு மாறியது. ஆள் ஒருவருக்கு வேலையளவு 44 சதவீதம் கூடியது. ஆனால் அந்த வேலை எப்படிப்பட்டது என்று பாருங்கள். ஒரு ஆள், ஒரு கார், ஒரு கண்ணாடி. சரியாகப் பொருத்தாமல் உடைந்தால் பொருத்தியவரே மறுபடி செய்து தரவேண்டும். முக்கியமாக, பழைய கூலியை ஒட்டிய ஒரு தொகை எப்படியும் கிடைக்கும் என்ற உத்தரவாதத்தை அவர்கள் நீக்கவில்லை. ஒரு விளம்பரம் அச்சாக எத்தனை கை வேண்டும் என்று எண்ணுங்கள்: ரெப், ஏஜென்சி, ஷெட்யூலிங், டிசைன், ப்ரூஃப், அச்சு, விநியோகம், பில், கலெக்‌ஷன். இதில் ஒரு கையை மட்டும் பிடித்து 12 சதவீதம் கொடுத்தால் மற்ற கைகள் தளர்ந்துவிடும்.

எனக்குத் தெரிந்த தீர்வு அழகானதெல்லாம் இல்லை. மொத்த இன்சென்டிவ் தொகையில் ஒரு பங்கை, நான் கால்வாசி என்பேன், பொதுவில் வைத்து விளம்பரத்தைத் தொடும் எல்லாருக்கும் பிரிப்பது. சமமாகப் பிரிக்கவேண்டும் என்றுகூட இல்லை. இருக்கிறது என்றாலே போதும். ரெப்புகள் முணுமுணுப்பார்கள். நானும் முணுமுணுத்திருக்கிறேன்.

நிருபர் விஷயத்தில் மட்டும் நான் பேரம் பேசத் தயாரில்லை. அந்த வரியைத் திட்டத்திலிருந்து எடுக்கச் சொல்லுங்கள். 1999 அக்டோபரில் லாஸ் ஏஞ்சலிஸ் டைம்ஸ் புதிதாகத் திறந்த ஸ்டேபிள்ஸ் சென்டர் அரங்கத்தைப் பற்றித் தன் ஞாயிறு இதழ் முழுவதையும் ஒதுக்கியது. அந்த இதழின் விளம்பர லாபத்தை அரங்கத்தோடு பங்கு போட்டுக்கொள்வதாக நிர்வாகம் ஒப்பந்தம் செய்திருந்தது. எழுதிய நிருபர்களுக்கே அது தெரியாது. வெளியே வந்ததும் 300-க்கும் மேற்பட்ட பத்திரிகையாளர்கள் கையெழுத்திட்டுக் கண்டித்தார்கள், பதிப்பாளர் மன்னிப்புக் கேட்டார், டிசம்பரில் அதே பத்திரிகை தன்னையே விசாரித்து 14 பக்கம் வெளியிட்டது. 2009-இல் வாஷிங்டன் போஸ்ட், பதிப்பாளர் வீட்டில் நடக்கும் விருந்துக்கு 25,000 டாலருக்கு ஸ்பான்ஸர் தேடித் துண்டறிக்கை விட்டு, செய்தி வெளியான அன்றே திட்டத்தைக் கைவிட்டது. இவ்வளவு பெரிய பத்திரிகைகளின் பெயரே ஒரே நாளில் கறைபட்டது.

உங்கள் இடத்தில் நடக்கப்போவது இவ்வளவு பெரிதாக இருக்காது, ஆனால் தினமும் நடக்கும். காலையில் ஒரு அதிகாரியிடம் கேள்வியோடு போகும் நிருபர், சாயங்காலம் அதே ஆளிடம் விளம்பரத்துக்கான ரிலீஸ் ஆர்டர் படிவத்தோடு போவார். அந்த ஆள் கையெழுத்துப் போடுவது விளம்பரம் தேவைப்பட்டா, பயத்திலா? இது அறநெறிப் பிரச்சினை என்பதை எல்லாரும் சொல்வார்கள். வேலையிட நியாயம் என்ற கோணத்தை யாரும் சொல்லமாட்டார்கள், அதனால் நான் சொல்கிறேன். வணிகச் செய்தி எழுதுபவருக்கு விளம்பரதாரர்கள் தானாக வருவார்கள். நீதிமன்றம், தொழிலாளர், குடிசைப் பகுதி என்று எழுதுபவருக்கு யார் விளம்பரம் தருவார்? அடுத்த ஆட்குறைப்புப் பட்டியல் தயாராகும்போது ‘இவர் வருமானம் கொண்டுவந்தவர், இவர் கொண்டுவராதவர்’ என்று அதில் ஒரு கட்டம் ஏற்கெனவே தயாராக இருக்கும். அந்தக் கட்டம் எப்படி வந்தது என்பதை அப்போது எல்லாரும் மறந்திருப்பார்கள். ‘விருப்பப்பட்டால் மட்டும்’ என்று திட்டத்தில் எழுதியிருந்தாலும் அதை நம்பாதீர்கள். சம்பளம் உறைந்திருக்கும் அலுவலகத்தில் விருப்பம் என்ற சொல்லுக்கு அர்த்தம் குறைவு.

முதலிடப் பரிசைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஒருவர் ஜெயிக்க மற்றவர் தோற்கவேண்டும் என்றால் யாரும் யாருக்கும் தகவல் சொல்லமாட்டார்கள். லீவில் போகிறவர் தன் பட்டியலைப் பூட்டிவிட்டுப் போவார். அழுத்தம் இன்னும் ஏறினால் பொய் எண்கள் வரும். வெல்ஸ் ஃபார்கோ வங்கி 2016-இல் 18.5 கோடி டாலர் அபராதம் கட்டியது, வாடிக்கையாளருக்கே தெரியாமல் கணக்குத் தொடங்கிய விவகாரத்தில் ஏறக்குறைய 5,300 பேரை அதற்கு முன்பே வேலையை விட்டு அனுப்பியிருந்தது. நம் தொழிலிலும் 2004-இல் அமெரிக்க நாளிதழ்களான நியூஸ்டே, சிகாகோ சன்-டைம்ஸ், டல்லாஸ் மார்னிங் நியூஸ் மூன்றும் விற்பனைப் பிரதி எண்ணிக்கையைக் கூட்டிக் காட்டியது வெளியே வந்தது. டல்லாஸ் பத்திரிகையின் தாய் நிறுவனம் விளம்பரதாரர்களுக்குத் திருப்பித் தருவதற்கென்று ஏறக்குறைய 2.3 கோடி டாலர் ஒதுக்கவேண்டிவந்தது.

நிர்வாகத்தின் பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன், நான் அந்த நாற்காலியில் இருந்தவன். கையில் பணமில்லாத நிறுவனம் எல்லாருக்கும் 5 சதவீதம் சம்பளம் உயர்த்தினால் அது நிரந்தரச் செலவு, விற்பனை வந்தாலும் வராவிட்டாலும் கொடுத்தாகவேண்டும். இன்சென்டிவ் என்றால் பணம் வந்தபிறகு அதிலிருந்து கொடுப்பது. இதில் கெட்ட எண்ணம் இருக்கவேண்டும் என்று அவசியமில்லை. ஆனால் உள்ளுக்குள் நடப்பது ஒரு இடமாற்றம். பத்திரிகையின் மொத்தச் சந்தையும் இறங்கும் ஆபத்தை இதுவரை நிறுவனம் சுமந்தது, இனி ரெப் சுமக்கிறார். அப்படிச் சுமக்கச் சொல்கிறவர்கள் தாங்களும் கொஞ்சம் சுமக்கிறார்களா என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. கன்னெட் என்ற அமெரிக்க நாளிதழ் நிறுவனம் 2009-இலும் அதன் பிறகும் ஊழியர்களைச் சம்பளமில்லாத விடுப்பில் அனுப்பியது. 2011-இல் அதன் தலைமைச் செயல் அதிகாரி விலகியபோது அவருக்குச் சேரவேண்டியிருந்த தொகை ஏறக்குறைய 3.7 கோடி டாலர். அந்த மாதிரி எண் ஒன்று வெளியே வந்த பிறகு எந்த இன்சென்டிவ் திட்டத்தையும் நல்லெண்ணத்தோடு யாரும் படிக்கமாட்டார்கள்.

இனி நீங்கள் செய்யவேண்டியது. காலாண்டு தொடங்குவதற்கு முன்பே, தனியாகப் போகாமல் மூன்று நான்கு பேராகப் போங்கள். அதில் ஒருவராவது இந்தத் திட்டத்தால் லாபமடையப்போகிறவராக இருக்கட்டும். ‘இது அநியாயம் சார்’ என்று ஆரம்பிக்காதீர்கள். ஆரம்பித்த உடனே எதிரில் இருப்பவர் கதவைச் சாத்திக்கொள்வார். ‘சார், சில இடத்தில் எப்படிக் கணக்குப் போடுவீர்கள் என்று புரியவில்லை, எழுத்தில் கொடுத்தால் எங்களுக்கு வசதி’ என்று தொடங்குங்கள். திட்டத்தின் ஓட்டைகள் எல்லாம் எழுதும்போதுதான் அவர்களுக்கே தெரியும்.

எழுத்தில் வாங்கவேண்டியவை இவை. புதியவர் என்றால் யார், அதே முதலாளியின் இன்னொரு நிறுவனம் புதியதா. இருவர் சேர்ந்து முடித்ததை எப்படிப் பிரிப்பார்கள். கணக்குக்கு எடுப்பது புக்கிங் தேதியா, அச்சான தேதியா, பணம் வந்த தேதியா. நலிந்த பத்திரிகைக்கு நிலுவைதான் எமன், ஆகவே பணம் வந்தபிறகுதான் இன்சென்டிவ் என்று அவர்கள் சொன்னால் அது தப்பில்லை. ஆனால் பில் அனுப்புவதில் அக்கவுண்ட்ஸ் 40 நாள் தாமதித்தாலோ, அச்சுப் பிழையால் விளம்பரதாரர் பணம் தர மறுத்தாலோ அதை ரெப்பிடமிருந்து பிடிக்கக்கூடாது என்று ஒரு வரி வேண்டும். காலாண்டு நடுவில் டார்கெட்டையோ பட்டியலையோ மாற்றக்கூடாது. வேலையை விட்டுப் போகிறவருக்கு, புக் ஆகி இன்னும் அச்சாகாத விளம்பரத்துக்குப் பங்கு உண்டா இல்லையா என்பதும் இப்போதே எழுதியிருக்கவேண்டும், போகும் அன்று கேட்டால் யாரும் பதில் சொல்லமாட்டார்கள். தகராறு வந்தால் உங்கள் மேனேஜரே தீர்ப்பு சொல்லக்கூடாது, அவருடைய இன்சென்டிவும் அதே எண்ணில்தான் தொங்குகிறது.

கேட்டு வாங்க முயலவேண்டிய மாற்றம் ஒன்றே ஒன்று என்றால், டார்கெட்டைப் போன வருடத்தோடு ஒப்பிடாமல் அந்த வகை விளம்பரம் மொத்தத்தில் எவ்வளவு இறங்கியது என்பதோடு ஒப்பிடச் சொல்லுங்கள். மற்ற பத்திரிகைகளைத் தினமும் அளந்து எண்ணினாலே ஒவ்வொரு வகையிலும் எத்தனை ‘காலம் சென்டிமீட்டர்’ (ஒரு பத்தி அகலத்தில் எத்தனை செ.மீ. உயரம்) போகிறது என்று தெரிந்துவிடும். எங்கள் ஆபீஸில் ஒரு பையன் ஸ்கேலோடு உட்கார்ந்து இதைச் செய்துகொண்டிருந்தான். அந்த எண் நிர்வாகத்திடம் ஏற்கெனவே இருக்கும், டார்கெட் போடும்போது மட்டும் எடுத்துப் பார்க்கமாட்டார்கள். இதோடு 99 என்ற விளிம்பைச் சரிவாக்கச் சொல்லலாம்: 85-இலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக ஏறட்டும்.

எதற்கும் ‘முடியாது’ என்றால்? எழுத்தில் தரவே மறுக்கிற நிர்வாகம், கொடுக்க விருப்பமில்லாத பணத்தை வாயால் மட்டும் அறிவித்திருக்கிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள். அந்தப் பணத்தை நம்பிக் கடன் வாங்காதீர்கள். ஒவ்வொரு ரிலீஸ் ஆர்டரின் தேதி, அச்சான தேதி, பில் தேதி, பணம் வந்த தேதி நான்கையும் உங்கள் சொந்த நோட்டில் எழுதிவையுங்கள். உங்கள் மேசையின் கடந்த மூன்று வருடப் பட்டியலையும், அது யார் கையிலிருந்து உங்களிடம் வந்தது என்பதையும் குறித்துவையுங்கள். ஆட்குறைப்புப் பேச்சு வந்தால் அந்த நோட்டு பேசும்.

கடைசியாக, ஐந்து மாதமாகச் சும்மா இருக்கும் அந்த விளம்பரதாரர். நண்பர் சொல்வதில் தர்க்கம் இருக்கிறது. திட்டமே அவரைக் காத்திருக்கச் சொல்கிறது, அவரைத் திட்டாதீர்கள். ஆனால் நீங்கள் இந்த வாரமே போய்ப் பாருங்கள். காத்திருக்கும் ஒரு மாதத்தில் அந்த விளம்பரதாரர் வேறு இடத்துக்குப் போய்விட்டால் 12-உம் இல்லை, 2-உம் இல்லை. ஆர்டர் கிடைத்ததும் மேனேஜருக்கு ஒரு மெயில் போடுங்கள்: ‘சார், இவரை இன்று புக் செய்துவிட்டேன், 2 சதவீதக் கணக்கில் சேருங்கள். அடுத்த மாதம் புக் செய்திருந்தால் 12 சதவீதம் ஆகியிருக்கும்.’ வேறு எதுவும் எழுதவேண்டாம். ஆறு மாத விதியை மாற்றச் சொல்லி நீங்கள் நேரில் பேசப்போகும் நாளில் அந்த மெயிலின் பிரதி ஒன்றைக் கையில் வைத்திருங்கள்.